118 கிலோவுக்கு ஒரு மின் ஸ்கேட்போர்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, கோலாலம்பூர் செகாம்புட்டில் நான் வேலை செய்யும் ஏர்கோன் பட்டறையின் சரிவுப் பாதையில், நானே கட்டிய மின் ஸ்கேட்போர்டில் ஏறினேன். எங்கும் திணறாமல் மேல்தளம் போய்ச் சேர்ந்தேன். திரும்பினேன், இறங்கினேன், கீழே சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றேன். இதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் என்ன வாங்கினேன், எதை உடைத்தேன், எங்கே தப்பாக யோசித்தேன் என்று எழுதி வைத்தால், என் எடையில் இருக்கும் இன்னொருவருக்குக் காசாவது மிஞ்சும்.

என் எடை 118 கிலோ. பதினாறு வயதில் செந்தூலில் பிளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் சாதாரண ஸ்கேட்போர்டு ஓட்டியவன். நாற்பத்தொரு வயதில் மறுபடியும் அந்த ஆசை வந்தது. உதைத்து உதைத்து ஓட்ட முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சரி, மோட்டார் வைத்ததை வாங்குவோம் என்று முடிவெடுத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி சிறு மின் வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்று போக்குவரத்து அமைச்சு 2022 ஏப்ரலில் அறிவித்தது. அதனால் நான் ஓட்டுவதெல்லாம் பட்டறை வளாகத்துக்குள்தான். ஞாயிறு காலையில் லோரிகள் இருக்காது. முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு மூன்றும் இல்லாமல் ஏறக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அது நல்ல நிபந்தனை என்று பின்னால் தெரிந்தது.

முதல் போர்டை 1,850 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மூங்கில் பலகை, பின்சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார். அதைத்தான் ஹப் மோட்டார் என்பார்கள். பெட்டியில் ‘அதிகபட்ச எடை 130 கிலோ’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. 118க்கும் 130க்கும் நடுவே 12 கிலோ இடைவெளி இருக்கிறதே என்று நிம்மதியாக வாங்கினேன். ஒருமுறை சார்ஜ் செய்தால் 20 கிலோமீட்டர் என்றும் போட்டிருந்தது. உள்ளே இருந்த தாளைப் பிரித்துப் படித்தபோதுதான் கீழே சின்ன எழுத்தில், அந்தத் தூரம் 70 கிலோ ஆளை வைத்து எடுத்தது என்று இருந்தது. எனக்குக் கிடைத்தது 8 கிலோமீட்டர்.

சமதரையில் குறை சொல்ல முடியாது. சரிவில்தான் எல்லாம் வெளியே வந்தது. பட்டறைச் சரிவு 34 மீட்டர் நீளம். எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொள்ள, கொத்தனார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயை இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன்: 3.1 மீட்டர். அதாவது 100க்கு 9. மலை ஒன்றும் இல்லை, கடைவீட்டுக்குப் பின்னால் கார் ஏறும் சரிவு மாதிரிதான்.

என் அக்கா மகன் கூட வந்திருந்தான். அவன் எடை 62 கிலோ. அவன் ஏறினான், சும்மா போய்விட்டான். நான் ஏறினேன். பாதி தாண்டியதும் மோட்டாரின் ஓசை இறங்கியது. கையில் பிடித்து ஓட்டும் ரிமோட்டில் மூன்று கட்டமாக இருந்த பேட்டரி ஒரு கட்டத்துக்கு வந்தது. அப்புறம் எல்லாமே அடங்கிவிட்டது. போர்டு பின்னோக்கி உருளத் தொடங்கியது.

“மாமா, குதிங்க!” என்று கத்தினான். குதித்துவிட்டேன். போர்டு அவன் காலடியில் போய் நின்றது. எடுத்து ரிமோட்டைப் பார்த்தால் மறுபடியும் மூன்று கட்டம் காட்டுகிறது.

இங்கேதான் என் முதல் பெரிய தப்பு. மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டினேன். 420 வெள்ளி கொடுத்து, கொஞ்சம் பெரிய ஹப் மோட்டார் ஜோடி ஒன்றை வரவழைத்து மாட்டினேன். ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று. மறுநாள் அதே சரிவு, அதே இடம், அதே அடங்கல். இரண்டடி கூட மேலே போகவில்லை.

ஏர்கோன் வேலையில் கம்ப்ரசர் இழுக்காவிட்டால் முதலில் கம்ப்ரசரையா மாற்றுவோம்? வோல்டேஜையும் ஆம்பியரையும்தான் பார்ப்போம். தினமும் பிழைப்பாகச் செய்வதை இங்கே செய்யவில்லை. அடுத்த வாரம் பேட்டரி வயரிலிருந்து இரண்டு மெல்லிய வயரை வெளியே இழுத்து, நடுவில் சிறு ஃபியூஸ் வைத்து மல்டிமீட்டரில் மாட்டினேன். நேர்மின்சாரமும் அளக்கும் என் கிளாம்ப் மீட்டரைப் பெரிய வயரில் கவ்வவிட்டேன். இரண்டு மீட்டரையும் பலகையின் முன்பக்கம் டேப் போட்டு ஒட்டி, மேலே கைப்பேசியை நிறுத்தி வீடியோ எடுக்கவிட்டு ஏறினேன்.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். நிற்கும்போது 38.2 வோல்ட். சரிவு தொடங்கியதும் 35, 33.5, 32. ஆம்பியர் 24ஐத் தொட்டதும் 30.9. அங்கே அடங்கிவிட்டது. அதற்குக் கீழே போனால் பேட்டரி கெடும் என்று, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரே கையை எடுத்துக்கொள்கிறது. அடுத்து மருமகனை ஏற்றி எடுத்தோம்: 13 ஆம்பியர், 34.1 வோல்ட். அதே போர்டு, அதே சார்ஜ், அதே சரிவு. அவனுக்கு 4 வோல்ட் விழுகிறது, எனக்கு 7 வோல்ட்டுக்கு மேல் விழுகிறது.

உள்ளே இருந்தது 36 வோல்ட் பேக். தொடராகப் பத்து செல், இணையாக இரண்டே வரிசை. மொத்தம் இருபது சின்ன செல்கள்தான். ஒவ்வொரு செல்லும் 12 ஆம்பியர் இழுபட வேண்டியிருந்தது; அந்த ரகம் அதற்கு ஆனதல்ல. மோட்டார் பாவம், அதற்குச் சோறு போகவில்லை. இழுக்கும்போது வோல்டேஜ் இப்படி விழுவதை இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘சேக்’ (sag) என்பார்கள். எடை கூடியவர்கள் போர்டு பார்க்கும்போது மோட்டார் வாட்ஸை விட முதலில் கேட்க வேண்டியது இணையாக எத்தனை வரிசை, என்ன செல் என்பதைத்தான். விற்பவருக்கு அது தெரியாவிட்டால் அந்தப் போர்டு நமக்கானது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேக் தவிர இன்னும் இரண்டு கோளாறு இருந்தது. ஒன்று சின்னது, ஆனால் ஓட்டுவதையே மாற்றிவிடும். டிரக் என்கிற அச்சுக்கு நடுவே இரண்டு ரப்பர் போன்ற புஷ் இருக்கும். கம்பெனி போட்டு அனுப்பிய புஷ் என் எடையில் பிதுங்கி, வாஷருக்கு வெளியே உதடு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. லேசாகச் சாய்ந்தாலே சக்கரம் பலகையின் அடியைக் கடிக்கும். பலகையில் கருப்புத் தழும்பு விழுந்திருந்தது. வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டினால் முன்பக்கம் கிடுகிடுவென்று ஆடும். 95ஏ கடினத்தில் உருளை வடிவ புஷ் நான்கும், டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே வைக்க 6 மில்லிமீட்டர் ரைசரும் வாங்கினேன். 68 வெள்ளி. டிரக்கின் நடு போல்ட்டான கிங்பின்னின் நட்டைக் கழற்றி மாட்ட இருபது நிமிடம். ஆட்டம் நின்றுவிட்டது. இந்தப் பதினான்கு மாதத்தில் நான் செலவழித்ததிலேயே இந்த 68 வெள்ளிதான் மிக நன்றாகச் செலவானது. நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர் எந்தப் போர்டு வாங்கினாலும் முதல் நாளே இதை மாற்றிவிடலாம்.

இரண்டாவது பலகை. முன் டிரக்குக்கும் பின் டிரக்குக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் பலகை எவ்வளவு தாழ்கிறது என்று ஸ்கேலால் பார்த்தோம். மருமகன் நின்றால் 7 மில்லிமீட்டர், நான் நின்றால் 16. மூங்கில் உடையவில்லை, அதற்கு அந்த வளைவு ஒன்றுமே இல்லை. ஆனால் அடியில் திருகியிருந்த பேட்டரிப் பெட்டி வளையாத பிளாஸ்டிக். ஒவ்வொரு முறை நான் ஏறும்போதும் பலகை வளைய, பெட்டி மறுக்க, திருகு ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருந்தது. அந்த வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் போனால் உள்ளே லித்தியம் பேட்டரி. பெட்டியில் அச்சடித்த 130 கிலோ என்பது பலகை முறியாது என்பதற்கு மட்டும்தான். பேட்டரிப் பெட்டியையோ பேட்டரியையோ பிரேக்கையோ அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

பிரேக் கதை மூன்றாவது மாதத்தில் நடந்தது. அதுவரை எப்போதும் கீழேயிருந்து ஏறித்தான் தொடங்குவேன். அன்று மேல்தளத்தில் சார்ஜ் போட்டிருந்தேன், பேட்டரி நிறைந்து 42 வோல்ட். அப்படியே எடுத்து மேலிருந்து இறங்கினேன். மெதுவாக பிரேக்கை இழுத்தேன், பிடித்தது. கொஞ்சம் கூட இழுத்தேன். ஒரு நொடி பிடித்தது, பிறகு ஒன்றுமே இல்லை. கட்டைவிரலால் ரிமோட்டை எவ்வளவு அழுத்தியும் போர்டு தன்பாட்டுக்கு ஓடுகிறது. கீழே லோரி சாமான் ஏற்றும் திண்ணை, கான்கிரீட். இடப்பக்கம் புல்லில் பாய்ந்து ஓடி விழுந்தேன். கையுறையின் உள்ளங்கை கிழிந்தது, மணிக்கட்டு இரண்டு வாரம் வலித்தது. போர்டு திண்ணையில் மோதி முன் டிரக் கோணிக்கொண்டது.

காரணம் இதுதான். இந்தப் போர்டுகளில் பிரேக் என்றால் மோட்டார் ஜெனரேட்டராகி, வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புவது. பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை. வோல்டேஜ் மேலே ஏறுகிறது, பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். என்கிற மின்சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது, அதோடு பிரேக்கும் போய்விடுகிறது. எடை கூடக் கூட இறங்கும்போது திரும்பி வரும் சக்தியும் கூடும். மருமகன் அதே நிறைந்த பேட்டரியில் முன்பு இறங்கியிருக்கிறான்; அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரேக் நன்றாக வேலை செய்யும்போதே எவ்வளவு வித்தியாசம் என்று பிறகு அளந்தேன். கோணிய டிரக்கை மாற்றிவிட்டு, சமதரையில் 20 கிலோமீட்டர் வேகம், சாக்பீஸ் கோடு வந்ததும் முழு பிரேக். ஐந்து முறை எடுத்துச் சராசரி பார்த்தோம். அவனுக்கு 5.4 மீட்டர். எனக்கு 9.7 மீட்டர். ஒரு காரின் நீளம் கூடுதலாக ஓடுகிறேன். அன்றைக்குப் பிறகு எந்தப் போர்டைப் பற்றிப் படித்தாலும் என்ன வேகம் போகும் என்று நான் பார்ப்பதே இல்லை. என் எடையை எத்தனை மீட்டரில் நிறுத்தும் என்பது ஒன்றுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் போர்டு கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஆறாயிரம் வெள்ளிக்கு மேல். சரி, நாமே கட்டுவோம் என்று இறங்கினேன்.

பலகை: ஒன்பது அடுக்கு மேப்பிள், வளையாத ரகம், 260 வெள்ளி. நூல் கட்டிப் பார்த்ததில் என் எடைக்கு 4 மில்லிமீட்டர்தான் தாழ்கிறது. வளையாத பலகை தரையின் அதிர்வை அப்படியே காலுக்கு அனுப்பும், அதற்காக 105 மில்லிமீட்டர் சக்கரம் போட்டேன். ஹப் மோட்டாரில் சக்கரத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பெல்ட் போட்ட மோட்டாரில் முடியும். பெல்ட் வைத்தால் பல்சக்கர விகிதத்தையும் நம் எடைக்கு ஏற்ப மாற்றலாம். மோட்டார் இரண்டு, 6374 அளவு (63 மில்லிமீட்டர் விட்டம், 74 மில்லிமீட்டர் நீளம்), 170 கேவி, ஜோடி 680 வெள்ளி. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்; அது குறைந்தால் அதே ஆம்பியருக்கு இழுவை கூடும். வேகத்துக்காக 190ஐ எடுக்கச் சொன்னார்கள், எனக்கு வேண்டாம் என்றேன்.

கன்ட்ரோலர் வெஸ்க் வகை, 720 வெள்ளி. ஸ்வீடன்காரர் பெஞ்சமின் வெட்டர் உருவாக்கி எல்லாருக்கும் திறந்துவிட்ட வடிவமைப்பு அது. கைப்பேசியிலேயே ஒவ்வொரு எண்ணையும் மாற்றலாம்: மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர், பிரேக்குக்கு எத்தனை, பேட்டரிக்குத் திரும்பிப் போவது எத்தனை. எடை கூடியவர்களுக்கு இந்தச் சுதந்திரம் பெரிய வரம். கடைப் போர்டில் யாரோ 70 கிலோ ஆளை மனத்தில் வைத்து எழுதிய எண்களோடு நாம் வாழ வேண்டியதுதான்.

பேட்டரிக்கு மோலிசெல் பி42ஏ, தைவான் செல். ஒன்று 4,200 மில்லி ஆம்பியர் ஹவர், 45 ஆம்பியர் வரை தரும் என்பது கம்பெனிக் கணக்கு. தொடராக 12, இணையாக 4, ஆக 48 செல், தலைக்கு 22 வெள்ளி, 1,056. செல் வெல்டிங் நானே செய்யலாமா என்று யோசித்தேன். நிக்கல் பட்டையைச் செல்லில் ஒட்டும்போது ஒரு பட்டை தவறிப் பக்கத்தில் பட்டாலே தீ. நான் இருப்பது பிளாட்டில், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஜாலான் பசார் தெருவில் பேட்டரி கட்டுவதையே தொழிலாகச் செய்யும் ஒரு தவுக்கேயிடம் (கடை முதலாளி) கொடுத்தேன். கூலி 250. அவர் முதலில் செய்தது 48 செல்லையும் ஒவ்வொன்றாக அளந்ததுதான். 3.52, 3.52, 3.53 வோல்ட் என்று தாளில் எழுதிக்கொண்டே வந்தவர், 3.41 காட்டிய ஒன்றைத் தனியே ஒதுக்கி என் கையில் கொடுத்தார். அதை மாற்றிய பிறகுதான் வெல்டிங் மெஷினையே எடுத்தார். வரிசைகளுக்கு நடுவே மின்சாரம் தாண்டாத ஃபிஷ் பேப்பர், செல் தலைகளுக்கு மேல் ஒட்டு வளையம், மேலே சூடு தாங்கும் காப்டன் டேப். வயர் 12 கேஜ், சிலிக்கோன் உறை போட்டது.

டிரக், சக்கரம், பெல்ட், பி.எம்.எஸ்., ரிமோட், பெட்டி, சார்ஜர், வயர் எல்லாம் சேர்த்து மொத்தக் கணக்கு 4,396 வெள்ளி. முதல் போர்டுக்கும் வீணாய்ப் போன மோட்டாருக்கும் கொடுத்த 2,270 இதில் சேரவில்லை.

கட்டி முடித்த முதல் வாரமே இரண்டு சறுக்கல். செலவைக் குறைக்க 12 மில்லிமீட்டர் அகல பெல்ட் போட்டிருந்தேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போது பிரேக் பிடித்தால் டகடகவென்று பெல்ட் பல் தாண்டியது. ஒவ்வொரு டக்குக்கும் பிரேக் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். வயிற்றைக் கலக்கும் சத்தம் அது. 15 மில்லிமீட்டர் பெல்ட், மோட்டார் பக்கம் 15 பல், சக்கரப் பக்கம் 40 பல் என்று மாற்றிய பிறகு நின்றது. இரண்டாவது, மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் உருண்டையான டிரக்கைக் கவ்வியிருந்தது. பிரேக் இழுவையில் அது மெல்லச் சுழன்று மோட்டார் தரையைத் தொடப் பார்த்தது. டிரக்கில் திருகு உட்காரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி துளைத்து, திருகுக்கு நீல லாக்டைட் போட்டு இறுக்கினேன். பிறகு அசையவில்லை. ஒவ்வொரு திருகிலும் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே கண்ணில் படும்.

பழைய மீட்டர் வித்தையை மறுபடியும் செய்தோம். நிற்கும்போது 47.6 வோல்ட், சரிவில் 22 ஆம்பியர், 45.5 வோல்ட். ஏழு வோல்ட் விழுந்த இடத்தில் இரண்டு. தொடர்ந்து ஆறு முறை ஏறி இறங்கியதும் ஏர்கோன் வேலைக்கு வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை மோட்டாரில் காட்டினேன், 71 டிகிரி. சூடுதான், ஆனால் தாங்கும். நிற்கும் தூரம் 6.2 மீட்டர். பிரேக்குக்கு ஒரு மோட்டாருக்கு 60 ஆம்பியர், பேட்டரிக்குத் திரும்புவது இரண்டும் சேர்த்து 24க்கு மேல் போகாமல் கட்டிவைத்திருக்கிறேன். சார்ஜரையும் 49.2 வோல்ட்டிலேயே நிற்கும்படி திருகியிருக்கிறேன். முழுதாக நிரப்பினால் 50.4 வரும், அந்த மிச்ச இடம் பிரேக்குக்கு வேண்டும். தூரம் 26 கிலோமீட்டர் கிடைக்கிறது, அப்போதும் ஐந்தில் ஒரு பங்கு பேட்டரி மிஞ்சியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. போர்டு 13 கிலோ. லிஃப்ட் பழுதான நாளில் நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை, அதனால் இப்போது பட்டறையிலேயே, திறந்த பக்கமாக, சிமென்ட் தரையில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அடுத்த முறை கட்டினால் இணையாக மூன்று வரிசையே போதும். ஞாயிறு காலையில் யாரும் 26 கிலோமீட்டர் சுற்றுவதில்லை. ஒரு கிலோ குறையும், 264 வெள்ளியும் மிஞ்சும். சக்கரத்தைக் காற்றடைத்த 6 அங்குலமாக்க ஆசை. வளாகத்தில் லோரி போய்ப் பெயர்ந்த தார் நிறைய. ஆனால் சக்கரம் பெரிதானால் இழுவையும் பிரேக்கும் குறையும், 40 பல்லுக்குப் பதிலாகப் பெரிய பல்சக்கரம் தேட வேண்டும். பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய ரப்பர் பட்டை மாலை மழைக்குத் தாங்குமா என்று இன்னும் சோதிக்கவில்லை. ஈரத்தில் ஓட்டுவதே இல்லை.

சாக்பீஸ் கோட்டுக்கு முன்னால் நின்ற அந்த ஞாயிறன்று மருமகனும் புதுப் போர்டில் ஒரு சுற்று கேட்டான். அவன் எடைக்கு இந்த பிரேக் எண்கள் அதிகம், முன்னால் தூக்கி எறிந்துவிடும். “இருடா, இறங்கு” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுத்து 60ஐ 30 ஆக்கிக் கொடுத்தேன்.